மெடிக்கல் போர்டு ‘தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டால் டிஸெபிலிட்டி பென்ஷன் அவ்வளவுதானா?

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருந்தது இது: கணவர் பீரங்கிப் படையில் 1998-இல் சேர்ந்து, 24 ஆண்டு பணி முடித்து, 2022-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஓய்வுக்கு முன் மருத்துவர் குழு பரிசோதித்த கடைசி மெடிக்கல் போர்டில் ரத்த அழுத்தத்துக்கு 30 விழுக்காடு, காது கேளாமைக்கு 20 விழுக்காடு, இரண்டும் சேர்த்து 40 விழுக்காடு என்று போட்டார்கள். ஆனால் ‘பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். படையின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் அதைக் காட்டி டிஸெபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டது. மேல்முறையீட்டுக்கான ஆறு மாதமும் போய்விட்டது. இப்போது ஒருவர் வந்து, கிடைக்கும் நிலுவையில் 30 விழுக்காடு கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். கேட்கலாமா, இதெல்லாம் அலைச்சலுக்குத் தகுமா என்பது உங்கள் கேள்வி.

கேட்கலாம். அலைச்சலுக்கும் தகும். நோய் ராணுவப் பணியால் வந்தது என்று உங்கள் கணவர் நிரூபிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நல்ல உடம்போடு எடுத்துக்கொண்ட ஒருவரை நோயோடு திருப்பி அனுப்பும்போது, ‘இது எங்களால் வந்ததில்லை’ என்று காரணம் காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் புரியும்.

டிஸெபிலிட்டி பென்ஷன் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, செய்த பணிக்கான ஓய்வூதியம். மற்றது, உடல் பாதிப்புக்கான தொகை. உங்கள் கணவர் பணிக்காலம் முடித்து வந்தவர் என்பதால் முதல் பகுதி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். மறுக்கப்பட்டது இரண்டாவது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: பாதிப்பு 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அது பணியால் வந்ததாகவோ, ஏற்கெனவே இருந்து பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். விழுக்காட்டை போர்டே 40 என்று ஒப்புக்கொண்டுவிட்டதால் உங்களுக்குச் சிக்கல் இரண்டாவது நிபந்தனையில் மட்டும்தான்.

தொகையைப் பார்ப்போம். நூறு விழுக்காடு பாதிப்புக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 விழுக்காடு என்பது அடிப்படைக் கணக்கு. சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளமும் ராணுவச் சேவை ஊதியமும் சேர்ந்தது. அது 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு விழுக்காட்டுக்கு 15,000. உங்கள் கணவரின் 40 விழுக்காட்டுக்கு 6,000. ஆனால் இதிலும் ஒரு சலுகை உண்டு. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் போனால் 100 என்றும் ஏற்றிக் கணக்கிட வேண்டும். இந்தச் சலுகை முதலில், உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு, அதாவது போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கப்பட்டது. பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆகவே 40 என்பது 50 ஆகி, மாதம் 7,500 ரூபாயும் அதன் மேல் அகவிலை நிவாரணமும் வர வேண்டும். ஆயுள் முழுக்க வரும் பணம் இது.

போரிலோ எல்லையில் எதிரித் தாக்குதலிலோ அடிபட்டவர்களுக்குக் கணக்கே வேறு. அதனால் காயமடைந்து வந்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களுக்குப் போர்க்காயக் கணக்கில் வருகிறதா, சாதாரணக் கணக்கில் வருகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். போர்க்காயத்தால் பாதியில் அனுப்பப்பட்டவருக்கு நூறு விழுக்காட்டுக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும் உண்டு. காயத்தோடு பணியில் தொடர்ந்து பிறகு ஓய்வு பெற்றவருக்கு அது 60 விழுக்காடு. கண்ணிவெடியில் காலை இழந்த ஒருவர் சாதாரணக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தால் அவருக்கு மாதாமாதம் பெரிய நஷ்டம். நூறு விழுக்காடு பாதிப்போடு எப்போதும் ஒரு துணை தேவைப்படுபவருக்கு உதவியாளர் படி தனி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அது 6,750 ரூபாய் என்று தொடங்கியது. தகுதி இருந்தும் இதைக் கேட்டு வாங்காத குடும்பங்கள் உண்டு.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். 1985-இல் சிக்னல்ஸ் படையில் சேர்ந்த தரம்வீர் சிங் என்ற சிப்பாயை, வலிப்பு நோய் என்று சொல்லி 1994-இல் அனுப்பினார்கள். 20 விழுக்காடு பாதிப்பு, பணிக்குத் தொடர்பில்லை, பென்ஷன் கிடையாது என்றார்கள். அவர் வழக்கு 2013 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இன்றுவரை இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு அதுதான். அது சொன்னது எளிமையானது. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் நோய் இருப்பதாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த கேடு பணியால் வந்தது என்று அனுமானிக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும். சேரும்போதே கண்டுபிடிக்க முடியாத நோய் என்று சொல்வதானாலும் அதற்கும் காரணம் எழுத வேண்டும். நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. இதையெல்லாம் நீதிமன்றம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகளிலேயே இருந்ததைத்தான் எடுத்துச் சொன்னது.

உங்கள் கணவருக்கு 1982 விதி நேரடியாகப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது சரிதான். 2008-க்கு முன் வந்தவர்களுக்கு அந்த விதி. 2008 முதல் 2023 செப்டம்பர் வரை ஓய்வு பெற்றவர்களுக்கு 2008 விதி. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வந்தவர்களுக்கு இன்னொரு புதிய விதி. 2008 விதியில் அந்த அனுமானம் முன்போல அழுத்தமாக இல்லை. நோய்க்கும் பணிக்கும் தொடர்பு தெரிய வேண்டும் என்று வருகிறது. ஆனால் சாதாரணமாக நிரூபிக்கும் சுமையைக் கோருபவர் மேல் போடக்கூடாது என்பது 2008 விதியிலும் அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற்று 15 ஆண்டு கழித்துக் கேட்டால்தான் சுமை அவர் பக்கம் திரும்பும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. 2008 விதியின் கீழ் வந்த வழக்குகளிலும், போர்டு காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் விளக்கமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நோய் தெரிந்தபோது அமைதிப் பகுதியில், அதாவது போர்ப் பதற்றம் இல்லாத நிலையத்தில், இருந்தார் என்பது மட்டும் காரணமாகாது என்றும் அதில் இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு மே மாதம், காரணம் எழுதப்படாத போர்டு அறிக்கையை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது.

இந்த ‘அமைதிப் பகுதி’ வாதம்தான் ரத்த அழுத்தக்காரர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். நோய் முதலில் எங்கே தெரிந்தது என்று பார்ப்பார்கள். செகந்தராபாத், பெங்களூர் மாதிரி ஏதாவது ஒரு நிலையத்தில் இருந்தபோது தெரிந்தது என்றால், ‘பீஸ் ஸ்டேஷன், தொடர்பில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்கு முன் மூன்று வருடம் காஷ்மீரில் ராத்திரி பகல் பார்க்காமல் நின்றது அந்த வரியில் வராது. ரத்த அழுத்தம் ஒரே நாளில் வருகிற நோய் அல்ல என்பது எந்த மருத்துவருக்கும் தெரியும். அதனால் உங்கள் கணவர் 24 ஆண்டில் எங்கெங்கே இருந்தார், அதில் ஃபீல்டு எனப்படும் களப் பகுதி எத்தனை, உயரமான மலைப்பகுதி எத்தனை, குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத காலம் எவ்வளவு என்று வருட வரிசையில் ஒரு பட்டியல் போடுங்கள். அவர் நினைவிலிருந்து சொன்னாலே முக்கால்வாசி வந்துவிடும். மீதியைப் பணிப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காது விஷயம் இன்னும் வலுவானது. பீரங்கிப் படையில் இருபது ஆண்டுக்கு மேல் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது போனால், அது பணியால் வந்ததில்லை என்று எழுதுவதற்கு மிக நல்ல காரணம் வேண்டும். போர்டு அறிக்கையில் அப்படி எதுவும் இருக்காது என்பது என் ஊகம். அவர் கன் டிட்டாச்மென்ட்டில், அதாவது பீரங்கியை இயக்கும் குழுவில், இருந்தாரா, ஓட்டுநராகவோ எழுத்தராகவோ இருந்தாரா என்பது இங்கே முக்கியம். பயிற்சிச் சுடுதல்களில் எத்தனை முறை கலந்துகொண்டார், காது வலி என்று யூனிட் மருத்துவரிடம் போன குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காது ஒன்று மட்டும் ஏற்கப்பட்டாலும் 20 விழுக்காடு இருக்கிறது. அது 50 ஆக ஏறும். அதாவது ரத்த அழுத்த வாதத்தில் தோற்றாலும், காது வாதத்தில் ஜெயித்தால் கைக்கு வரும் தொகை அதே 7,500 தான். பலர் இதைக் கவனிக்காமல் எல்லா வலுவையும் ரத்த அழுத்தத்தில் போட்டுவிட்டு, காதைப் பற்றி இரண்டு வரி எழுதி விட்டுவிடுகிறார்கள்.

எதிராகப் போகக்கூடியவற்றையும் சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவுகளில் புகைப்பழக்கம், குடி என்று திரும்பத் திரும்பக் குறிப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். மது, புகையிலை, போதைப் பொருளால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு இல்லை என்று விதியே இருக்கிறது. உடல் எடை கூடியதையும், எடையைக் குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை என்பதையும் காரணமாகக் காட்டுவார்கள். மனநோய் வழக்குகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன; 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போர்டின் கருத்தை ஏற்று மறுத்துவிட்டது. விடுப்பில் ஊருக்கு வந்து பைக்கில் விழுந்த வழக்குகளில் பெரும்பாலும் தோல்விதான், பணியோடு தொடர்பு காட்ட முடியாது என்பதால். அதே சமயம் விடுப்புக்காக ரயிலில் ஊருக்கு வரும் வழியில் கையை இழந்த மதன் சிங் ஷெகாவத்துக்கு, தன் சொந்தச் செலவில் பயணம் செய்தார் என்பதற்காக மறுக்கக்கூடாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் கொடுத்தது. பயணம் வேறு, விடுப்பில் வீட்டில் இருப்பது வேறு. உங்கள் கணவர் விஷயத்தில் இவை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் முதலிலேயே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதல் வேலை, போர்டு அறிக்கையின் முழு நகல். மறுப்புக் கடிதம் மட்டும் போதாது. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவத்தில்தான் விழுக்காடும், தொடர்பு உண்டா இல்லையா என்ற கருத்தும், அதற்கான காரணமும் இருக்கும். கையில் இல்லையென்றால், நாசிக் ரோட்டில் உள்ள பீரங்கிப் படை ரெக்கார்ட் ஆபீஸின் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். போர்டு அறிக்கை, சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், பணியிட விவரம், மருத்துவமனையில் சேர்ந்த ஆவணங்கள் நான்கையும் ஒரே மனுவில் கேளுங்கள். மனுவில் அவரே கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய சொந்த மருத்துவ ஆவணம் என்பதால் மறுக்க இடமில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

அது வந்தபின், காலதாமதத்துக்குக் காரணம் எழுதி முதல் மேல்முறையீடு போடுங்கள். ஆறு மாதம் கடந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டு வழி தெளிவாகச் சொல்லப்படவில்லை, ஆவணங்கள் கையில் இல்லை என்பதெல்லாம் ஏற்கக்கூடிய காரணங்கள்தான், அவை உண்மையாக இருக்கும் பட்சத்தில். முதல் மேல்முறையீட்டில் தோற்றால் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு உண்டு. இரண்டிலும் மருத்துவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதால் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். ஆனால் இந்தப் படியைத் தாண்டாமல் தீர்ப்பாயம் போனால் திருப்பி அனுப்பக்கூடும். மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் பதில் இல்லையென்றால், அந்த வழி முடிந்ததாகக் கொண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2007-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டுக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நேரில் வாதிடவும் அனுமதி உண்டு.

தாமதத்தின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் வழக்கு காலாவதி ஆகாது. ஆனால் தர்சேம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலுவை பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். உங்கள் கணவர் வந்தது 2022-இல். மூன்று ஆண்டு கடந்த பிறகு, தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாத நிலுவை கையைவிட்டுப் போகிறது. யோசித்துக்கொண்டே இருப்பதில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. பிஜேந்தர் சிங் என்ற சிப்பாய்க்கு சியாச்சினில் வலிப்பு வந்தது; 1989-இல் அனுப்பினார்கள். அவருக்கு உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது 2025 ஏப்ரலில். இருபது வயதுகளில் அனுப்பப்பட்டவர் முதுமையை நெருங்கும்போது வந்த தீர்ப்பு. 2015-இல் பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த நிபுணர் குழுவே, இப்படிப்பட்ட ஓய்வூதிய வழக்குகளில் முன்னாள் வீரர்களுக்கு எதிராக மேல்முறையீடு செய்வதை நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகும் மேல்முறையீடுகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. மறுபக்கத்துக்கும் ஒரு வாதம் உண்டு. ஓய்வுபெறும் அதிகாரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தப் பென்ஷன் பெறுகிறார்கள், சிப்பாய் ஹவில்தார் அணியில் பெறுபவர்களின் பங்கு அதிகாரிகளின் பங்கில் பாதியளவுதான் என்று தணிக்கைத் துறைத் தலைவர் 2023-இல் சுட்டிக்காட்டினார். தவறாகப் பயன்படுத்துபவர்கள் இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கட்டும். ஆனால் விதிகளை இறுக்கும்போது முதலில் அடிபடுவது வழக்கு நடத்தத் தெரியாத, ஆங்கிலக் கடிதம் படிக்க இன்னொருவரைத் தேடும் ஹவில்தார் குடும்பம்தான். 2023 விதியில் பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுபவர்களின் தொகைக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். விழுக்காட்டுக் கணக்கும் வேறு. உங்கள் கணவர் ஒரு வருடம் முன்னால் வந்தது இந்த விஷயத்தில் நல்லதாகப் போயிற்று.

கடிதத்தின் கடைசியில், அக்கா மகன் அக்னிவீராக இருக்கிறான், அவனுக்கும் இதெல்லாம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நான்கு ஆண்டுக்கு மட்டும் எடுக்கப்படும் அக்னிவீருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. பணியால் பாதிப்பு ஏற்பட்டால் 100, 75, 50 விழுக்காட்டுக்கு முறையே 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ஒரே தடவையாகக் கொடுப்பார்கள். நான்கு ஆண்டில் மீதமிருக்கும் காலத்துச் சம்பளமும், பணி முடிவில் தரப்படும் மொத்தத் தொகையான சேவா நிதியும் சேரும். இருபத்திரண்டு வயதில் இரண்டு காலும் போன பையனுக்கு 44 லட்சம் எத்தனை ஆண்டு வரும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. அவனுக்கு ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்: சின்னக் காயமானாலும் யூனிட்டில் காய அறிக்கை எழுதவைத்து, நகல் ஒன்றை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் அந்தக் காகிதம் கிடைக்காது.

அந்த 30 விழுக்காடு கேட்பவரை விட்டுவிடுங்கள். வழக்கறிஞர் என்றால், கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்த பார் கவுன்சில் விதியே தடை சொல்கிறது. வழக்கறிஞர் இல்லையென்றால் தீர்ப்பாயத்தில் அவர் உங்களுக்காக நிற்கவே முடியாது. கையெழுத்திட்ட வெற்று வக்காலத்தையோ, வங்கிக் காசோலையையோ, ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையக் கணக்கின் கடவுச்சொல்லையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், சட்ட உதவி மையம் எந்த நாளில் இயங்குகிறது என்று கேளுங்கள். படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி தருவதற்காகத் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. அதன் கீழ் இந்த அலுவலகங்களில் மையங்கள் அமைக்க ஏற்பாடு. உங்கள் மாவட்டத்தில் இன்னும் வரவில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே மனு கொடுக்கலாம். போகும்போது பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையின் நகல், டிஸ்சார்ஜ் புத்தகம், மறுப்புக் கடிதம் மூன்றையும் எடுத்துப் போங்கள். தகவல் உரிமை மனுவை மட்டும் அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுங்கள்.